ஏடிவி வாங்கும் முன்: முன்சக்கரம் எப்போது கைகொடுக்கும்?

கேள்வி: வாரத்தில் நாலைந்து நாள் வேலை வாங்கக்கூடிய ஒரு ஏடிவி (காடு மேடு, சேற்றில் ஓடும் நான்கு சக்கரச் சிறு வண்டி) தேடுகிறேன். களிமண் நிலம், மழை பெய்தால் சேறு, நடுவில் செங்குத்தான ஒரு இறக்கம். விறகும் வேலிக் கம்பங்களும் ஏற்றிய ட்ரெய்லரை இழுக்க வேண்டும். ஹோண்டா எடுத்தால் பத்து வருஷம் கவலையில்லை என்கிறார் ஒருவர். நான்கு சக்கர இழுவை என்றால் போலாரிஸ், கேன்-ஆம்தான் என்கிறார் இன்னொருவர். யமஹா, கவாசாகி, சுசுகி, சிஎஃப்மோட்டோ என்று பட்டியல் வேறு நீள்கிறது. பழைய வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை. எதை எடுக்கலாம்?

பதில்: இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எந்த வண்டி உடையாது என்று ஒருவர் பார்க்கிறார், எது சேற்றில் சிக்காது என்று மற்றவர் பார்க்கிறார். உங்களுக்கு இரண்டும் வேண்டும். ஏடிவியில் இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முன்சக்கரத்துக்கு விசை எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால், எந்தப் பாகத்தில் முதலில் தேய்மானம் வரும் என்பதையும் ஓரளவு ஊகித்துவிடலாம். ஆகவே இழுவையிலிருந்து தொடங்குகிறேன்.

வேலைக்கென்று வரும் ஏடிவிகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு பின்சக்கரங்களும் எப்போதும் ஒன்றாகவே சுழலும். பின்பக்கத்தைப் பொறுத்தவரை கம்பெனிக்குக் கம்பெனி பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் எல்லாம் முன்னால்தான். முன்பக்கம் சாதாரண டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) மட்டும் இருந்தால், விசை சுலபமாகச் சுற்றும் சக்கரத்துக்கே ஓடும். ஒரு முன்சக்கரம் பள்ளத்துக்கு மேல் தொங்கினால் அது வீணாகச் சுற்றும், தரையில் ஊன்றிய சக்கரம் சும்மா நிற்கும். வண்டியின் பக்கவாட்டில் 4x4 என்று ஒட்டியிருந்தாலும் அந்த நேரத்தில் உங்களுக்கு இழுப்பது இரண்டு பின்சக்கரங்கள் மட்டுமே. இந்தச் சிக்கலை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்திருக்கிறது.

போலாரிஸின் வழி மிகவும் கெட்டிக்காரத்தனமானது, அதே அளவுக்குத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும்கூட. பட்டனைப் போட்டவுடன் நான்கு சக்கரமும் இழுக்கத் தொடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பட்டன் முன்சக்கரங்களைத் தயார்நிலையில் மட்டுமே வைக்கிறது. முன் கியர் பெட்டிக்குள் ஒரு மின்காந்தச் சுருள், ஒரு கூண்டு, அதில் வரிசையாக உருளைகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் பல்வளையம், முன்சக்கரங்கள் உருளும் வேகத்தைவிடச் சற்று மெதுவாகவே சுற்றும்படி கியர் விகிதம் அமைத்திருக்கிறார்கள். அதனால் சாதாரண ஓட்டத்தில் முன்சக்கரங்கள் தம்பாட்டுக்கு உருண்டுகொண்டிருக்கும். பின்சக்கரம் வழுக்கி வேகமெடுத்தால் பல்வளையமும் கூடவே வேகமெடுக்கும். அப்போது உருளைகள் இடைவெளியில் இறுகி மாட்டிக்கொள்ள, இரண்டு முன்சக்கரங்களும் சேர்ந்தே இழுக்கத் தொடங்கும். இரு முன்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்ட டிஃப் லாக் என்று தனியாக ஒரு பட்டன் தேவைப்படுவதில்லை. வழுக்கல் நின்றதும் தானாகவே விட்டுவிடும். அதனால் ஸ்டீயரிங் லேசாக இருக்கும், ஓட்டுபவருக்கு யோசிக்க வேண்டிய வேலையும் குறைவு.

இதற்கு ஒரு விலை உண்டு. இந்த ஏற்பாடு முழுவதும் முன்பின் சக்கரங்களின் வேகக் கணக்கை நம்பியே நிற்கிறது. யாராவது முன்னால் மட்டும் பெரிய டயர் மாட்டிவிட்டால் முன்சக்கரம் மெதுவாகச் சுற்றும், உருளைகள் தேவையில்லாத நேரத்திலும் மாட்டிக்கொள்ளும். முன் டயர் சிறியதாகவோ காற்று குறைந்தோ இருந்தால், பின்சக்கரம் வெகுநேரம் சுற்றிச் சேற்றைக் குழைத்த பிறகுதான் முன்சக்கரம் உதவிக்கு வரும். ஏடிவி டயர்களில் 5 முதல் 7 பிஎஸ்ஐ அளவு காற்றே இருக்கும் என்பதால் ஒரு பிஎஸ்ஐ வித்தியாசம்கூடப் பெரிய விஷயம். பழைய போலாரிஸில் “முன்சக்கரம் வேலை செய்யவில்லை” என்று யாராவது சொன்னால் முதலில் டயர் அளவைப் பாருங்கள். அடுத்து சுருளுக்குப் போகும் வயர், பிறகு கூண்டு. பின்சக்கரம் பறந்துகொண்டிருக்கும்போது பட்டனைப் போடுகிற பழக்கம் அந்தக் கூண்டுக்கு நல்லதில்லை. சிக்குமுன் போட வேண்டும்.

கேன்-ஆம் வண்டிகளில் பரவலாக இருப்பது விஸ்கோ-லாக். நான்கு சக்கர இழுவையைப் போட்டதும் முன் ஷாஃப்ட் இணைந்துவிடும். ஒரு முன்சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் கெட்டியான சிலிக்கான் திரவத்தில் அழுத்தம் ஏறி, கிளட்ச் தட்டுகளை நெருக்கி, இரண்டு சக்கரங்களையும் பிணைக்கும். ஓட்டுபவர் எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் அது பிடிக்க அந்தச் சக்கரம் கொஞ்சம் சுற்றியாக வேண்டும். வேகமாகப் போகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பாரத்தோடு அங்குலம் அங்குலமாக ஏறுகிறவருக்கு அந்தச் சின்னத் தாமதம் உறுத்தும். சேற்றுக்கென்றே வரும் சில மாடல்களில் மின்னணு முறையில் முழுதாகப் பூட்டும் ஸ்மார்ட்-லாக் உண்டு. அது வேறு தரம்.

யமஹா, சுசுகி, சிஎஃப்மோட்டோ மூன்றும் நேரடியான வழியில் போகின்றன. இரு சக்கரம், நான்கு சக்கரம், அதற்கு மேல் டிஃப் லாக் என்று மூன்று நிலைகள், பட்டனில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். லாக் போட்டுவிட்டால் முன்சக்கரம் இரண்டும் ஒரே கம்பியில் கோத்த மாதிரி சுற்றும், வழுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டீயரிங் கனமாகிவிடும், இறுகிய தரையில் திருப்பினால் ஆக்ஸில் முறுக்கப்படும். ஆகவே சேற்றைத் தாண்டியதும் எடுத்துவிட வேண்டும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டி என்றால் கைக்கு எவ்வளவோ சுகம். கவனிக்க வேண்டியது ஒன்று: ஒரே பெயரில் வரும் மலிவான வகைகளில் சில நேரம் டிஃப் லாக் இருக்காது. பெயரை நம்பாமல் பட்டனைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

கவாசாகி ப்ரூட் ஃபோர்ஸ் 750-இல் இடது கைப்பிடியில் ஒரு லீவர். அழுத்தும் அளவுக்கு முன் டிஃபரன்ஷியல் இறுகும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது, எவ்வளவு பிடிப்பு வேண்டும் என்பது விரலுக்குத் தெரியும். நாள் முழுக்க வேலை செய்தால் கை வலிக்கும், கேபிளை அவ்வப்போது சரிசெய்ய வேண்டும்.

ஹோண்டாவுக்கு வருவோம். 1986-இல் ஃபோர்டிராக்ஸ் 350 மூலம் நான்கு சக்கர இழுவையை ஏடிவிக்குக் கொண்டுவந்த கம்பெனி அது. ஆனாலும் வெகுகாலம் இழுவையை எளிமையாகவே வைத்திருந்தது. ராஞ்சர் மாடலின் முன்பக்கத்தில் டிஃப் லாக் இல்லை, விசையைப் பார்த்துப் பங்கிடும் டிஃபரன்ஷியல்தான். சமீபத்திய 520 சிசி ஃபோர்மேன், ரூபிகான் வண்டிகளில்தான் முன் டிஃப் லாக் கிடைக்கிறது. “ஹோண்டா சேற்றுக்கு ஆகாது” என்பவர்களின் அனுபவம் பெரும்பாலும் லாக் இல்லாத வண்டியில் கிடைத்ததாகவே இருக்கும்.

சரி, இனி உழைப்பு. ஹோண்டாவின் நல்ல பெயருக்கு முக்கியக் காரணம் அதில் பெல்ட் கிடையாது என்பதுதான். மற்றவர்கள் பெரும்பாலும் ரப்பர் பெல்ட் வழியாக விசையைக் கடத்துகிறார்கள். ஹோண்டாவில் காலால் மாற்றும் கியர், பட்டனில் மாறும் கியர், டூயல் கிளட்ச் தானியங்கி என எதை எடுத்தாலும் உள்ளே இரும்புப் பற்கள்தான், எண்ணெயில் குளித்தபடி ஓடும். என்ஜினையும் நீளவாக்கில் வைத்திருப்பதால் விசை அதிகம் திரும்பாமல் நேராக ஷாஃப்ட்டுக்குப் போகிறது. தண்ணீர் புகுந்தால் வழுக்க ஒன்றுமில்லை, சூட்டில் கருக ஒன்றுமில்லை. என்ஜின் ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும், ஏனென்றால் கிளட்சும் அதே ஆயிலில்தான் வாழ்கிறது. பட்டன் கியர் வகையில் பேட்டரி தளர்ந்தாலோ சென்சார் பிசகினாலோ கியர் மாறாமல் மக்கர் செய்யும். பெரும்பாலும் சின்னச் செலவுதான்.

பெல்ட் என்றாலே பயப்பட வேண்டியதும் இல்லை. பெல்ட்டைக் கெடுப்பது பாரத்தோடு மெதுவாக ஹை கியரில் ஊர்வதுதான். அப்போது பெல்ட் இழுபட்டு வழுக்கிச் சூடாகிறது. ட்ரெய்லர் மாட்டியிருக்கிறதா, நடக்கிற வேகத்தில் போகிறீர்களா, லோ கியர் போடுங்கள். இந்த ஒரு பழக்கம் பெல்ட்டின் ஆயுளைப் பல மடங்கு கூட்டும். யமஹாவின் அல்ட்ராமேட்டிக் இதில் ஒரு படி மேல். எண்ணெயில் இயங்கும் ஒரு மையவிலக்கு கிளட்சை என்ஜினுக்கும் பெல்ட்டுக்கும் இடையில் வைத்திருக்கிறார்கள். அதனால் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். வண்டி கிளம்பும்போது வழுக்குகிற வேலையை அந்த கிளட்ச் வாங்கிக்கொள்கிறது. யமஹாவின் பெல்ட் நீண்ட நாள் வருகிறது என்று சொல்லப்படுவதற்கு இந்த அமைப்பே காரணம்.

கேன்-ஆமின் ரோட்டாக்ஸ் இரட்டை சிலிண்டர் என்ஜின்கள் அருமையானவை, ஆனால் அவ்வளவு சக்தியும் பெல்ட், ஆக்ஸில், சிவி ஜாயிண்ட் (வளைந்த நிலையிலும் விசையைக் கடத்தும் ஆக்ஸில் மூட்டு) எல்லாவற்றையும் கடந்தே தரைக்குப் போக வேண்டும். அதை ஆசைப்பட்டு வாங்கி, ஆசை தீர முறுக்குபவர்களிடமிருந்தே பழைய வண்டி விற்பனைக்கு வருகிறது. போலாரிஸிலும் பெரிய என்ஜின் மாடல்களுக்கு இது பொருந்தும். போலாரிஸின் பழைய ஸ்போர்ட்ஸ்மேன் மாடலில் புஷ், பால் ஜாயிண்ட், வீல் பேரிங் இவற்றைக் கட்டாயம் ஆட்டிப் பார்க்க வேண்டும். சிஎஃப்மோட்டோவின் தரம் நன்றாகவே முன்னேறியிருக்கிறது. கொடுக்கும் காசுக்கு அதில் கிடைக்கும் வசதிகள் அதிகம். உதிரிபாகம் சில நாளில் கைக்கு வரும் இடத்தில் நீங்கள் இருந்தால் தயங்காமல் பரிசீலிக்கலாம். பாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமென்றால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வேண்டாம்.

பின் ஆக்ஸிலைப் பற்றியும் யோசியுங்கள். இரு பின்சக்கரமும் ஒரே தண்டில் இருக்கும் பழைய பாணி வண்டியில் தேய, கிழிய பாகங்கள் குறைவு, பாரம் ஏற்றினால் பின்பக்கம் அதிகம் அமுங்காது. தனித்தனி சஸ்பென்ஷன் என்றால் கரடுமுரடில் உடம்பு நோகாது, அடியில் இடைவெளி அதிகம். ஆனால் பின்னால் மட்டும் நான்கு சிவி ஜாயிண்ட், அவற்றை மூடும் நான்கு ரப்பர் பூட். ஒரு பூட் கிழிந்து சேறு புகுந்ததைக் கவனிக்காமல் விட்டால் அந்த ஜாயிண்ட் கொஞ்ச நாளில் போய்விடும்.

அந்த இறக்கத்தை மறந்துவிடாதீர்கள், உங்கள் கேள்வியில் எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். பாரமான ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். யமஹாவில் நான்கு சக்கர நிலையில் இறங்கினால் அந்தப் பிடிப்பு நான்கு சக்கரத்துக்கும் போகும். ஹோண்டாவில் கியரே பிடித்துக்கொள்ளும். போலாரிஸின் சாதாரண அமைப்பில் இறக்கத்தில் முன்சக்கரங்கள் தம்பாட்டுக்கு உருண்டு ஓடிவிடும், பிடிப்பதெல்லாம் பின்சக்கரம் மட்டுமே. களிமண்ணில் பின்சக்கரம் மட்டும் பிடித்தால் வண்டி பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும், ட்ரெய்லர் அதை மடக்கப் பார்க்கும். இதற்காகவே அவர்கள் ஆக்டிவ் டிசென்ட் கண்ட்ரோல் என்ற வசதியைச் சில மாடல்களில் தருகிறார்கள். போலாரிஸ்தான் என்று முடிவெடுத்தால் அது இல்லாத வண்டியை வாங்காதீர்கள்.

என் தேர்வைக் கேட்டால், முதலிடம் டிஃப் லாக் உள்ள யமஹா கோடியாக் 700 அல்லது கிரிஸ்லி. சேறு, இறக்கம், பாரம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அதற்கு ஈடாக வருவது குறைவு. மாதக்கணக்கில் ட்ரெய்லர் வேலைதான் பிரதானம், பராமரிப்புக்கு நேரமே இல்லை என்றால் டிஃப் லாக் உள்ள ஹோண்டா ஃபோர்மேன் அல்லது ரூபிகான் 520. அதே ஹோண்டாவில் ராஞ்சர் வேண்டாம். அது இழுக்க அனுமதிக்கப்பட்ட எடை சுமார் 385 கிலோ, 520-க்குச் சுமார் 600 கிலோ. ரிங்கானும் வேண்டாம். நல்ல வண்டிதான், ஆனால் லோ கியர் கிடையாது. கைக்கு நல்ல நிலையில் ஒரு சுசுகி கிங்க்வாட் கிடைத்தால் அதையும் ஒதுக்காதீர்கள்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள், மணிக் கணக்கும் மீட்டரில் இருக்கும். கிலோமீட்டரை மணியால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் என்று வந்தால் அந்த வண்டி மெதுவாக, பாரத்தோடு உழைத்திருக்கிறது அல்லது நின்ற இடத்திலேயே ஓடியிருக்கிறது. பெல்ட்டையும் கிளட்சையும் கவனமாகப் பார்க்க வேண்டும். முன், பின் கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் வண்டல் இருந்தால் அந்த வண்டி முங்கியிருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள்.

பிறகு முன்சக்கரத்தை ஒரு தடித்த மரக்கட்டைக்கு எதிரே நிறுத்தி, நான்கு சக்கர இழுவையைப் போட்டு, மெதுவாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். பக்கவாட்டில் தள்ளி நின்று ஒருவர் பார்க்கட்டும்: முன்சக்கரம் இரண்டும் கட்டையைக் கவ்வி ஏறுகின்றனவா, ஒன்று மட்டும் சுற்றுகிறதா, உள்ளே கடகடவென்று சத்தம் வருகிறதா? டிஃப் லாக் உள்ள வண்டியில் லாக் போட்டும் ஒருமுறை, போடாமலும் ஒருமுறை செய்து பாருங்கள். இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்பே என்ஜினைக் கையால் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால், ஆறும்வரை காத்திருந்து, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள்.