நாற்றம் தின்னும் கிருமிகளுக்குக் குளிருமா?

காரைக்குடி பக்கம் கோழிக்கழிவு மாவு ஆலை நடத்துகிறோம். நாற்றக் காற்றை, நுண்ணுயிர்கள் வாழும் மரச்சில்லு போன்ற படுகை வழியே ஊதிச் சுத்தமாக்கும் பயோஃபில்டர் இருந்தும் மார்கழி பிறந்தால் ஊருக்குள் வாடை. குளிரில் நுண்ணுயிர்கள் செத்துவிடுகின்றனவா?

சாகாது. நம் ஊர் மார்கழி விடியல் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். 15 முதல் 40 வரை அவற்றுக்கு வேலை ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையைச் சந்தேகப்படுங்கள். கூரையில்லாத படுகை ஊறி இறுகினால், காற்று இளகிய இடம் தேடி ஒரே வழியாகப் பீறிட்டு, சுத்தமாகாமல் வெளியேறும். காற்றை ஊதும் ப்ளோயர் பக்கத்து அழுத்தமானி முன்பைவிட ஏறியிருந்தால் படுகையைக் கிளறுங்கள். மேலே தகரம் போடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக் கிடப்பதால், கசிகிற கொஞ்ச வாடையும் மேலே போகாமல் தெருவில் தேங்கும். கோலம் போடுகிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். வெயில் ஏறியதும் வாடை விலகுகிறதா என்று அவர்களிடமே கேளுங்கள்.

தேவகோட்டைக்காரன் நான், கனடாவில் கம்போஸ்ட் ஆலையில் வேலை. மைனஸ் 20 குளிரில், பயோஃபில்டருக்குள் போகும் காற்றை ஹீட்டர் வைத்துச் சூடாக்கியும் நாறுகிறது.

ஹீட்டரே காரணமாக இருக்கலாம், தம்பி. 10 டிகிரி குறைந்தால் நுண்ணுயிர்களின் வேகம் ஏறக்குறைய பாதியாகும், சரி. ஆனால் மைனஸ் 20 காற்றில் ஈரமே இல்லை எனலாம். அதைச் சூடாக்கினால் வற்றல் காயப்போடும் சித்திரை வெயிலைவிட வறட்சி. காற்று அடியிலிருந்து நுழைவதால் அடிப்பக்கம் முதலில் காயும். மேலே தெளித்த தண்ணீரைப் பார்த்து ஏமாறுவோம், நானும் ஏமாந்திருக்கிறேன். ப்ளோயரைச் சற்று நிறுத்தி, கையுறையோடு அடியிலிருந்து ஒரு பிடி எடுங்கள். புட்டு மாவுப் பதம் வேண்டும்: பிடித்தால் நிற்கணும், பிழிந்தால் சொட்டக்கூடாது. உதிர்ந்தால் காற்றுக்கு நீராவி கொடுங்கள். வெளிக்காற்றைக் குறைத்து, கம்போஸ்ட் குவியலின் வெதுவெதுப்பான காற்றையே அதிகம் அனுப்புங்கள். குழாய்க்கு வெப்பக்காப்பு சுற்றுங்கள்; உள்ளே சேரும் நீர் வடியச் சரிவும் வேண்டும். தெளிப்பான் குழாயைக் காலியாக வைக்காவிட்டால் உறைந்து வெடிக்கும்.

படுகைக்குத் தென்னை நார்க்கழிவு ஆகுமா?

தனியாக ஆகாது, நீரைக் குடித்து இறுகும். மரச்சில்லும் மட்டைத் துண்டும் பாதிக்கு மேல் இருக்கட்டும்.

வடிநீர் புளித்து, தகரத்தை அரிக்கிறது.

அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடு படுகையில் கந்தக அமிலமாகிறது. தண்ணீர் விட்டு அலசி, நொறுக்கிய கிளிஞ்சலைக் கலந்து விடுங்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பான அதே கிளிஞ்சல்தான். அமிலத்தில் கரையக் கரைய மறுபடி போடணும்.