கர்ப்பப்பையை இப்போதே எடுக்க வேண்டுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 31. திருமணமாகி நான்கு வருடங்கள் ஆகின்றன; குழந்தை இல்லை. பி.சி.ஓ.டி. உண்டு, எடை 88 கிலோ. மாதக்கணக்கில் விட்டுவிட்டு உதிரம் போனதால் பயாப்ஸி எடுத்தார்கள். கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய், ‘கிரேடு 1’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு டாக்டர் உடனே கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார். இன்னொருவர், ஹார்மோன் மாத்திரை தரலாம், குழந்தை பிறந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். “புற்றுநோய்க்குப் போய் ஹார்மோன் கொடுத்தால் இன்னும் வளராதா?” என்று மாமியார் கேட்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இரண்டு டாக்டர்களும் தவறாக எதுவும் சொல்லவில்லை. முதலாமவர் சொல்வதுதான் வழக்கமான சிகிச்சை. ஆரம்ப நிலையில் கர்ப்பப்பையை எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதோடு குணமாகிவிடுகிறார்கள். இரண்டாமவர் சொல்வது அவகாசம் வாங்கும் சிகிச்சை. அறுவை சிகிச்சை ரத்தாகவில்லை, தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டு இறங்குகிறவர்களுக்கே நான் அதைத் தருவேன்.

உங்கள் மாமியார் சரியான இடத்தில்தான் கேள்வி கேட்டிருக்கிறார். கர்ப்பப்பை உட்சுவரை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன். கருமுட்டை வெளியேறிய பிறகு சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன்தான் அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம். பி.சி.ஓ.டி.யில் முட்டை ஒழுங்காக வெளியேறுவதில்லை. உடலில் உள்ள கொழுப்பும் தன் பங்குக்கு ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. உங்களுக்குத் தரப்போவது புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்து. வளர்க்கிற ஹார்மோன் வேறு, இது வேறு என்று அவரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை தொடங்கும் முன், பயாப்ஸி ஸ்லைடுகளை வாங்கி, பெண்ணுறுப்புப் புற்றுநோய்களில் பழகிய இன்னொரு பெத்தாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். ரிப்போர்ட் காகிதத்தைக் காட்டிப் பயனில்லை. ஸ்லைடையே அவர் பார்க்க வேண்டும். கிரேடு என்பது புற்றுநோய் செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதன் அளவு; 1 தான் மிகக் குறைவு. ‘கிரேடு 1’ என்பது ‘கிரேடு 2’ என்று மாறினால் நம் பேச்சே மாறிவிடும். அடுத்தது மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. நோய் உட்சுவரோடு நிற்கிறதா, தசைக்குள் இறங்கியிருக்கிறதா, நிணநீர்க் கட்டிகளிலோ சினைப்பையிலோ ஏதாவது தெரிகிறதா என்று அதில் பார்ப்பார்கள். இளம் வயதில் சிலருக்குச் சினைப்பையிலும் கூடவே புற்றுநோய் இருப்பதுண்டு. தசைக்குள் ஒரு துளி இறங்கியிருந்தாலும் நான் முதல் டாக்டர் பக்கம்தான்.

அதே பயாப்ஸியில், நோயின் போக்கையும் பரம்பரைத் தொடர்பையும் கணிக்க உதவும் பி53, எம்.எம்.ஆர். புரதங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோயோ கர்ப்பப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால் மறைக்காதீர்கள். லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். காலில் ரத்தக்கட்டு வந்த வரலாறு இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரைகள் அந்த ஆபத்தைக் கூட்டும்.

எல்லாம் சாதகமாக இருந்தால், ஹிஸ்டிரோஸ்கோப்பி (கர்ப்பப்பைக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) மூலம் கண்ணுக்குத் தெரியும் கட்டியை எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குவது நல்ல முறை. மெஜெஸ்ட்ரால் என்றால் நாளொன்றுக்கு 160 முதல் 320 மில்லிகிராம். மெட்ராக்ஸிபுரோஜெஸ்ட்ரோன் என்றால் 400 முதல் 600. மாதவிலக்கைத் தள்ளிப்போட வாங்கும் மாத்திரையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கர்ப்பப்பைக்குள் வைக்கும், இதே வகை ஹார்மோனைக் கசியவிடும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனத்தையும் தனியாகவோ மாத்திரையோடு சேர்த்தோ பயன்படுத்துகிறோம். மாத்திரையால் பசி எடுக்கும், எடை ஏறும். உங்களுக்கோ எடை இறங்க வேண்டும், நோய்க்காகவும் கருத்தரிக்கவும். ஆகவே உணவு ஆலோசகரை முதல் வாரமே பாருங்கள்.

மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பயாப்ஸி. ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு நோய் மறைகிறது. ஆனால் மறைந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கோ அதற்குச் சற்று அதிகமானவர்களுக்கோ திரும்பி வருகிறது. நான் பயப்படுவது, உதிரப்போக்கு நின்றதும் “சரியாகிவிட்டது” என்று வராமல் போய்விடுகிறவர்களை நினைத்துத்தான். ஒரு வருடம் போல் கொடுத்தும் நோய் மறையாவிட்டால் அறுவை சிகிச்சைதான்.

இன்னொன்று, இதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். உங்கள் கணவரின் விந்துப் பரிசோதனையையும் உங்கள் முட்டை இருப்புப் பரிசோதனையையும் மாத்திரை தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். நோய் மறைந்ததும் காத்திருக்க நேரமில்லை. தேவையானால் நேரே ஐ.வி.எஃப். இத்தனைக்குப் பிறகும் குழந்தை உறுதி என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. குழந்தை பிறந்த பிறகு கர்ப்பப்பையை எடுப்பதே எங்கள் பரிந்துரை. சினைப்பையை விட்டுவைக்கலாமா என்பதை அப்போது பேசுவோம். முடிவை மாமியாரோ கணவரோ எடுக்க வேண்டாம். நீங்கள் எடுங்கள்.

கேள்வி: எனக்கு 24 வயது. பி.சி.ஓ.டி.யால் ஐந்து மாதத்துக்கு ஒருமுறைதான் மாதவிலக்கு. எனக்கும் இந்த நோய் வருமா?
– கல்லூரி மாணவி

பதில்: வருவது அரிது, ஆனால் அப்படியே விடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாதவிலக்கு வரும்படி புரோஜெஸ்ட்ரோன் மாத்திரையோ கருத்தடை மாத்திரையோ டாக்டர் தருவார். இடையிடையே உதிரம் கசிந்தாலோ, வந்தால் நிற்காமல் போனாலோ, வயது குறைவு என்று ஸ்கேனோடு அனுப்பினால், பயாப்ஸி தேவையா என்று நீங்களே கேளுங்கள்.