வீட்டுக்குள் வைக்கும் தனி ஆண்டெனா வாங்கி ரவுட்டரில் மாட்டினால் சிக்னல் நிஜமாகவே கூடுமா, இல்லை காசுக்குக் கேடா?

கூடும். எங்கள் வீட்டில் கூடியது.

இங்கே ஏற்கெனவே பதில் சொன்னவர்கள் "ஃபைபர் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஃபைபர் வருகிற தெருவில் இருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்பாரா? நாங்கள் இருப்பது உடன்குடிக்கு வெளியே, பனங்காட்டை ஒட்டி. கேபிள்காரரிடம் கேட்டால், "உங்க ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் இழுக்க முடியாதுக்கா" என்கிறார். ஆகவே சிம் போடுகிற 4ஜி ரவுட்டர்தான் எங்களுக்குக் கதி. உங்களுக்கும் அதே நிலைமை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஃபைபர் இருந்தும் பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை என்பது உங்கள் பிரச்சினை என்றால், ரவுட்டரை பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து நடு வீட்டில் வையுங்கள், போதவில்லை என்றால் மெஷ் (வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் கூடுதல் பெட்டிகள்) வாங்குங்கள். ஆண்டெனாவை மறந்துவிடுங்கள்.

நான் கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிறேன், வீட்டிலிருந்தபடியே. அந்த மாதக் கணக்குக்கான 3பி படிவத்துக்குக் கடைசி நாள் மாதம் 20ஆம் தேதி. இது ஊருக்கே தெரியும். ஆனாலும் 19ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் பில்கள் வாட்ஸப்பில் வந்து இறங்கும். அதுவும் எப்படி? மடித்த பில், அதன் மேல் பாதிக்கு விரல், மங்கலாக ஒரு போட்டோ. "அக்கா, இதை மட்டும் பாத்துக்கிடுங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வேறு. தாமதக் கட்டணம் விழுந்தால் மட்டும் அது என் தலையில். இதற்கும் ஆண்டெனாவுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் அந்த ராத்திரியில் ரவுட்டரும் சுற்றிக்கொண்டே நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஆர்.எஸ்.ஆர்.பி. என்ற எண்ணைப் பாருங்கள். டவர் சிக்னல் எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதைக் காட்டுவது அது, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது. கோடு எத்தனை தெரிகிறது என்பதை நம்பாதீர்கள். -80 பக்கம் இருந்தால் நல்ல சிக்னல். -100ஐத் தாண்டினால் பலவீனம். -110க்குக் கீழே போனால் இழுபறிதான். என் வேலை அறையில் -112 காட்டியது. அப்படியே ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய் வைத்து, ஒவ்வோர் இடத்திலும் கொஞ்ச நேரம் காத்திருந்து எண்ணைக் குறித்தேன். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. எந்த ஜன்னலிலும் எண் மாறவில்லை என்றால் வீட்டுக்குள் வைக்கும் ஆண்டெனா உங்களுக்கு உதவாது, காசு மிச்சம்.

எங்கள் வீட்டில் ஒரு விசித்திரம். டவர் இருக்கிற பக்கத்து ஜன்னலில் வைத்தாலும் எண் பெரிதாக ஏறவில்லை. குளியலறை வென்டிலேட்டர் பக்கம் கொண்டுபோனால் ஏறியது. காரணம் கொசுவலை. ஜன்னல் முழுக்க இரும்புக் கம்பி வலை அடித்திருக்கிறோம். 4ஜி அலையின் நீளம் 2300 மெகாஹெர்ட்ஸில் 13 சென்டிமீட்டர், 850இல் 35 சென்டிமீட்டர். வலையின் கண்ணோ ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அந்த அலைக்கு வலையும் தகரமும் ஒன்றுதான். உலோகம் இல்லாத ஃபைபர்கிளாஸ் நூல் வலை என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு பலகத்தில் மட்டும் வலையை மாற்றினேன், அந்த ஜன்னலிலும் எண் ஏறியது. "அப்படியென்றால் ரவுட்டரையே அங்கே வைத்துவிடலாமே, ஆண்டெனா எதற்கு?" என்று யாராவது கேட்பீர்கள். அங்கே பிளக் இல்லை, மத்தியானம் மேற்கு வெயில் நேராக விழும், அங்கிருந்து என் அறைக்கு வைஃபையும் வராது. அதனால்தான் ஆண்டெனா: அது ஜன்னலில், ரவுட்டர் என் அறையில்.

வாங்கப் போன கடையில் கேள்வி கேட்டது நான். பதில் எல்லாம் போனது என் வீட்டுக்காரருக்கு. "சார், இது 5 டிபி, சூப்பரா எடுக்கும்" என்று அந்தப் பையன் அவரையே பார்த்துச் சொல்கிறான். "அவங்ககிட்ட சொல்லுங்க தம்பி" என்று இவர் சொன்ன பிறகும் சார்தான். கடைசியில் அவன் எடுத்துக் கொடுத்தது வைஃபை ரவுட்டருக்கான ஆண்டெனா. மரை சரியாகப் பொருந்தும், இறுக்கமாகவும் ஏறும், ஆனால் நடுவில் ஊசி இருக்காது. 4ஜி ரவுட்டரின் சாக்கெட்டில் நடுவே ஓட்டைதான், ஆண்டெனாவிலும் ஓட்டை என்றால் எது எதைத் தொடும்? அங்கேயே திருகிக் காட்டித் திருப்பிக் கொடுத்தேன். நீங்கள் கேட்க வேண்டியது எஸ்.எம்.ஏ. (இந்தத் திருகு இணைப்பின் பெயர்) ஆண், நடுவில் ஊசி உள்ளது. ஆர்.பி. என்று முன்னால் போட்டிருந்தால் ஊசியும் ஓட்டையும் இடம் மாறிய வகை, அது வேண்டாம்.

அப்புறம் வயர். காந்த அடியோடு வருகிற சின்ன ஆண்டெனாக்களில் ஈர்க்குச்சி தடிமனில் 3 மீட்டர் வயர் இருக்கும். 2300 மெகாஹெர்ட்ஸில் அது மீட்டருக்கு ஏறக்குறைய 2 டெசிபெல்லை (அந்தப் பையன் சொன்ன டிபி இதுதான்) விழுங்கிவிடும். அட்டையில் போட்ட 5 டிபி வயரிலேயே போச்சு. தடித்த வயர், முடிந்த அளவு குட்டையாக. இரண்டு சாக்கெட் இருந்தால் இரண்டிலும் மாட்டுங்கள், ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் 45 டிகிரி சாய்த்து வையுங்கள், டவரிலும் பெரும்பாலும் அப்படித்தான் அமைத்திருப்பார்கள். சில ரவுட்டர்களில் வெளி ஆண்டெனா என்று அமைப்பில் மாற்றினால்தான் வேலை செய்யும், அதையும் பாருங்கள்.

இப்போது என் அறையில் -98. 14 டெசிபெல் என்றால் வந்து சேரும் சக்தி சுமார் 25 மடங்கு. வேகம் 25 மடங்கு ஆகாது, அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு வாத்தியார்கள் கீழே வந்துவிடுவீர்கள். பில் பதிவேறுகிறது, அது போதும். நான் எஞ்சினியர் இல்லை. ஆனால் இலங்கையின் ரூபவாஹினி டிவி பார்ப்பதற்காக எண்பதுகளில் மொட்டை மாடியில் உயரமாகக் குழாய் நட்டு, கடலைப் பார்த்து ஆண்டெனாவைத் திருப்பி வைத்த ஊர்ப்பக்கம் பிறந்தவள். "ஆண்டெனா எல்லாம் ஏமாற்று" என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

"பூஸ்டர் வாங்கி மாட்டலாமே" என்பவர்களுக்கு: கூடாது. அனுமதி இல்லாமல் மொபைல் சிக்னல் பூஸ்டர் வைப்பது சட்டப்படி குற்றம், பக்கத்து வீட்டு போன்களையும் கெடுக்கும். நான் சொல்வது கரண்ட் இல்லாத வெறும் ஆண்டெனா.

சிக்னல் எண் நன்றாக இருந்தும் வேகம் மட்டும் படுத்தால் டவரில் கூட்டம் என்று அர்த்தம், அதற்கு ஆண்டெனா ஒன்றும் செய்யாது. பக்கத்தில் குலசேகரன்பட்டினம் தசரா சமயத்தில் லட்சக்கணக்கில் ஜனம் வந்து இறங்கும்போது எங்கள் ரவுட்டரில் எண் அப்படியே இருக்கும், ஒரு பக்கம் கூடத் திறக்காது. 20ஆம் தேதி அந்த நாட்களில் வந்தால் நான் லேப்டாப்போடு தூத்துக்குடியில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே ஃபைபர் இருக்கிறது.