காதுமடல் தொப்பியின் வயது

வணக்கம். காதுமடல் வைத்த உங்கள் பச்சைத் தொப்பி இரண்டாம் உலகப் போர்க்காலத்தது என்று விற்றவர் சொன்னாராம். சொல்வார், விலை ஏறுமே! துணிச்சீட்டில் இருப்பதாக நீங்கள் எழுதியுள்ள 13 இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் நான்கு இலக்கங்களுக்குப் பின் வரும் 99, நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகள் தம் பொருட்களுக்கு இடும் இருப்பு எண்ணில் பிரிட்டனுக்கு உரிய குறியீடு. நேட்டோ உருவானதே போர் முடிந்த பின், 1949இல்தான். தொப்பியில் உள்ள அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசு உடைமை என்பதை மட்டுமே காட்டும், வயதை அல்ல.

போர்க்காலத் தொப்பிதான் வேண்டுமென்றால் 'கேப் கம்ஃபர்ட்டர்' தேடுங்கள். காக்கிக் கம்பளி நூலில் பின்னிய நீண்ட குழாய் அது. விரித்தால் கழுத்துக்கு, மடித்தால் தலைக்கு. 1942இல் பச்சை பெரே (தட்டையான வட்டத் தொப்பி) வருமுன் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் பலர் அணிந்தது.

இருப்பதைத் துவைத்துவிடாதீர்கள், சீட்டின் மை அழிந்தால் ஆதாரமும் அழியும்.