லித்தியம் ஹைட்ரைடு எதற்கு? மியூவான் குளிர்விப்பு: கேள்வி பதில்

மதுரையில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். மியூவான் என்பது எலக்ட்ரானின் கனமான உறவுக்காரத் துகள். மியூவான்களை மோதவிடும் கருவிக்கு (மோதுவிப்பான்) அவற்றின் கற்றையை முதலில் குளிர்விக்க வேண்டும். கற்றையை லித்தியம் ஹைட்ரைடு போன்ற திடப்பொருளுக்குள் விட்டுக் குளிர்விப்பது பற்றிப் பேசியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

செல்லூர்: சார், நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கற்றையை எத்தனை டிகிரிக்கு இறக்குவீர்கள்?

டிகிரிக் கணக்கு இதில் வராது அண்ணே. கூட்டமாகப் போகும் மியூவான்கள் நேராகப் போகாமல் பக்கவாட்டில் ஆளுக்கொரு திசையில் விலகுகின்றன, அந்தத் தாறுமாறைக் குறைப்பதுதான் குளிர்விப்பு. ஒரு பொருளுக்குள் செலுத்தினால் முன்பக்க உந்தம், பக்கவாட்டு உந்தம் இரண்டுமே குறையும். அப்புறம் ரேடியோ அலைவெண் அறைகள், அதாவது மின்புலத்தால் துகளை முன்னே தள்ளும் உலோக அறைகள், முன்பக்கத்தில் இழந்ததை மட்டும் திருப்பித் தரும். பக்கவாட்டில் போனது போனதுதான்.

மேலூர்: எலக்ட்ரான் குளிர்விப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது போதாதா?

கற்றையோடு சேர்த்துக் குளிர்ந்த எலக்ட்ரான்களை ஓடவிட்டு, தாறுமாறை அவற்றுக்கு மாற்றிவிடுவது அது. 1966-ல் சோவியத் இயற்பியலாளர் புட்கர் சொன்ன முறை, புரோட்டானுக்கு அருமையாக ஒத்துவரும். ஆனால் நேரம் எடுக்கும். மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி, வேகமாகப் போனால் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

திருநகர்: அப்படியென்றால் இரும்பையே வைத்துவிடலாமே? மலிவு.

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், விஷயமே இங்கேதான் இருக்கிறது. பொருளில் உள்ள எலக்ட்ரான்கள் மியூவானின் ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன, அது நமக்கு வேண்டியது. அணுக்கருக்களோ அதைத் தட்டித் திசைமாற்றிவிடுகின்றன, அதனால் கற்றை மறுபடி சூடாகிறது. கருவில் மின்னூட்டம் ஏற ஏற இந்தத் தொல்லை வேகமாகக் கூடும். சுமார் 10 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) இழக்க இரும்பில் 9 மில்லிமீட்டர் போதும், ஆனால் திரவ ஹைட்ரஜனைவிடச் சிதறல் கோணம் மூன்று மடங்குக்கு மேல் போய்விடும். ஹைட்ரஜன்தான் சிறந்தது, சரி, ஆனால் அதே இழப்புக்கு அது 35 சென்டிமீட்டர் வேண்டும், சுமார் மைனஸ் 253 டிகிரியில் வைக்க வேண்டும், கற்றை நுழைய மெல்லிய ஜன்னல்கள், வெடிவிபத்துப் பாதுகாப்பு என்று செலவு ஏறும். லித்தியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த திடப்பொருளான லித்தியம் ஹைட்ரைடு ஆறரை சென்டிமீட்டரில் வேலையை முடித்துவிடுகிறது. சிதறல் கோணம் ஹைட்ரஜனைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம், என் கணக்கில் அது கொடுக்கத்தக்க விலைதான். இங்கிலாந்தின் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் நடந்த மைஸ் (MICE) என்ற மியூவான் குளிர்விப்புச் சோதனை திரவ ஹைட்ரஜன், லித்தியம் ஹைட்ரைடு வட்டு இரண்டையும் வைத்துப் பார்த்தது, இரண்டிலும் கற்றை குளிர்ந்தது என்று 2020-ல் முடிவு வெளியானது.

உசிலம்பட்டி, வேதியியல் ஆசிரியை: லித்தியம் ஹைட்ரைடு ஈரம் பட்டாலே ஹைட்ரஜனை விடுமே?

விடும் மேடம், கை வியர்வையே போதும். அதனால்தான் மைஸ் வட்டின் மேல் பாரிலீன் என்ற பாலிமரை மெல்லிய பூச்சாகப் போட்டிருந்தார்கள். வட்டில் இருந்த லித்தியமும் பெரும்பாலும் லித்தியம்-6. வழக்கமான லித்தியம்-7-ஐவிட நியூட்ரான் ஒன்று குறைவு, எலக்ட்ரான் அதே அளவு, எனவே எடைக்கு எடை ஆற்றல் இழப்பு கொஞ்சம் கூடும். எனக்குக் கவலை தருவது வேறு: வெப்பம். மைஸில் மியூவான்கள் ஒவ்வொன்றாக வந்தன, வட்டு சூடாக வழியில்லை. உண்மையான மோதுவிப்பானில் அடர்த்தியான துடிப்புகள் வரும், வட்டின் நடுவே சேரும் சூட்டை விளிம்புக்குக் கொண்டுபோக வேண்டும், விரிசலும் விடக் கூடாது. பெரிலியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், ஆனால் சிதறல் இன்னும் கூடுதல், அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

விளாங்குடி: வட்டாகத்தான் இருக்க வேண்டுமா?

இல்லை, ஆப்பு வடிவமும் உண்டு. வேகமானவை தடித்த பக்கம் போகும்படி முன்னால் காந்தத்தால் பிரித்துவிட்டால், அவை அதிகம் இழந்து வேக வித்தியாசமும் குறையும். மைஸில் பாலித்தீன் ஆப்பும் வைத்துப் பார்த்தார்கள். திடப்பொருளை வேண்டிய வடிவத்தில் செய்துகொள்ளலாம் என்பது பெரிய வசதி.

போடி: பொட்டிப்புரத்துக்கு இந்தக் கற்றை வருமா அண்ணே?

வராது தம்பி. தேனி மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில் திட்டமிட்டது வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பார்க்கும் 50,000 டன் இரும்புக் கருவி. அந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்குள் இங்கே போக வேண்டாம். அதன் சிறு முன்மாதிரி, 85 டன் காந்தத்தோடு, 2018 முதல் மதுரையிலேயே வானிலிருந்து விழும் மியூவான்களைப் பதிவுசெய்து வந்தது.

திருமங்கலம், எம்எஸ்சி மாணவி: ஆய்வகம் இல்லாமல் இதில் என்ன ப்ராஜெக்ட் செய்யலாம் சார்?

துகள்கள் பொருளுக்குள் போவதைக் கணினியில் போட்டுப் பார்க்கும் மென்பொருள் ஜியான்ட்4 (Geant4) இலவசம், இறக்கிக்கொள்ளம்மா. ஹைட்ரஜன், லித்தியம் ஹைட்ரைடு, பெரிலியம், இரும்பு நான்கிலும் ஒரே ஆற்றல் இழப்பு வரும்படி தடிமனை வைத்து, சிதறல் கோணத்தை வரைபடமாகப் போடு. நான்கும் வந்ததும் அனுப்பு, நான் மேலே சொன்ன எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.