காபிக்கு மதிப்பெண் போடலாமா?

அன்புள்ள ஐயா,

பண்ணைக்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது, ஊடே மிளகு. சில மாதங்களாக, குடிக்கிற காபியை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி பத்துக்கு மதிப்பெண் போட்டு வருகிறேன். "குடிச்சோமா எந்திரிச்சோமான்னு இல்லாம இதென்ன கணக்கப்பிள்ளை வேலை?" என்கிறார் அப்பா. இதனால் பிரயோஜனம் உண்டா? ரசனை கெட்டுப்போகுமா?

ச., பண்ணைக்காடு

அன்புள்ள ச.,

ரசனை கெடாது. தொடர்ந்து எழுதுங்கள். ஆனால் வெறும் மதிப்பெண் போதாது. 'ஆறு' என்று மட்டும் எழுதினால் அடுத்த மாதம் அது உங்களிடம் எதுவும் பேசாது. 'ஆறு. முதல் வாய் நன்றாக இருந்தது, விழுங்கிய பின் கசப்பு நின்றது, வறுத்து மூன்று வாரமான பொடி' என்று எழுதினால் காரணமும் கூடவே இருக்கும்.

சிக்கரி எவ்வளவு என்பதையும் குறியுங்கள். பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். கலவைப் பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம். அப்படியென்றால் கிட்டத்தட்ட பாதி சிக்கரியாகவே இருக்கலாம். 'டிகாஷன் நல்ல திக்' என்று நீங்கள் புகழ்ந்த நாட்களைப் புரட்டிப் பாருங்கள், அந்தக் கறுப்பும் கனமும் பெரும்பாலும் சிக்கரியுடையவை. சிக்கரி பிடித்திருந்தால் தாராளமாகக் குடிக்கலாம். எதைப் புகழ்கிறோம் என்று தெரிந்து புகழ வேண்டும், அவ்வளவுதான்.

பாலும் சர்க்கரையும் சேர்ப்பதற்கு முன் ஒரு ஸ்பூன் டிகாஷனை நாக்கில் விட்டு மதிப்பெண் போடுங்கள், விலையைக் கேட்பதற்கும் முன்னால். எந்த ஊரில் போட்ட காபி என்பதும் வேண்டும். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், மதுரையில் 100-ஐ ஒட்டி வரும். ஒரே பொடிதான், இறங்குகிற சாறு வேறு.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் தோட்டம். தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கம் பலர் பழமாகவோ பார்ச்மெண்டாகவோ (பழத்தோல் உரித்துக் காயவைத்த, உமி நீக்காத கொட்டை) விற்றுவிட்டு, கடைப்பொடி வாங்கிக் குடிக்கிறார்கள். தன் காபியின் ருசி தனக்கே தெரியாமல் ஆயுள் முழுக்க விவசாயம் செய்வது எவ்வளவு பெரிய இழப்பு! தரம் பார்த்து வாங்குகிறவர்களோ நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். கொரகொரப்பாக அரைத்த பொடியில் வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து மேலே கட்டிய ஏட்டை ஸ்பூனால் விலக்கி, உறிஞ்சிப் பார்ப்பார்கள். 80-ம் அதற்கு மேலும் வாங்கினால் ஸ்பெஷாலிட்டி காபி, விலையே வேறு. அவர்கள் நாக்குக்குத் தெரிவது விளைவித்தவர் நாக்குக்கும் தெரிய வேண்டாமா?

இந்த அறுவடையில் பறித்த அன்றே தோலுரித்ததில் கொஞ்சம், ஒரு ராத்திரி கிடந்து உரித்ததில் கொஞ்சம் என்று தனித்தனியே எடுத்து வையுங்கள். காய்ந்ததும் உமி நீக்கி, இரும்புச் சட்டியில் ஒரே பதத்துக்கு வறுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். எதிலாவது புளித்த வாடை அடித்தால் எழுதி வைத்துவிட்டு, தாண்டிக்குடியில் உள்ள காபி வாரிய ஆராய்ச்சி நிலையத்தில் போய்க் கேளுங்கள். நோட்டையும் எடுத்துப் போங்கள். என்றைக்குப் பறித்தது, எத்தனை மணி நேரம் ஊறியது, எத்தனை நாள் காய்ந்தது என்று தெரிந்தால்தான் அவர்களாலும் காரணம் சொல்ல முடியும்.