குழந்தைகளின் டிபி சிகிச்சைக்கு மொபைல் ஆப்: கேள்வி பதில்

காசநோய்க்கு மருந்து சாப்பிடும் குழந்தைகளின் வீட்டார் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் இவை. எவ்வளவு மருந்து என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். அந்த அளவு தினமும் தவறாமல் குழந்தையின் வயிற்றுக்குள் போக ஆப் எப்படி உதவும் என்பதுதான் இங்கே பேச்சு.

கேள்வி: மகனுக்கு மூன்று வயது. ஆறு மாத மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். மருந்தை ஞாபகப்படுத்தும் ஆப் ஏகப்பட்டது இருக்கிறதே, எதைப் போடலாம் சார்?

பதில்: ஆப்பின் பெயரைப் பார்க்கும் முன் ஒன்றைக் கேளுங்கள். இன்று மருந்து தவறினால் அது யார் கண்ணில் படும்? அவர் எப்போது உங்களுக்குப் போன் செய்வார்? சிகிச்சை மையத்து நர்ஸ் தினமும் திறந்து பார்க்கிற ஆப் என்றால், பார்க்கச் சுமாராக இருந்தாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். யாரும் பார்க்காத ஆப் வெறும் அலாரம்தான்.

இதற்கு ஆதாரமும் உண்டு. 2015-இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில், டிபி நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பியபோது தவறிய வேளைகள் குறையவில்லை. திறக்கும் நேரத்தைப் பதிவு செய்யும் மருந்துப் பெட்டியைக் கொடுத்து, அந்தப் பதிவை மருத்துவர்கள் பார்த்து வந்த குழுவில் நன்றாகக் குறைந்தது. ஆகவே முதலில் மையத்தில் கேளுங்கள். அவர்களிடம் ஆப் இல்லையென்றால் ஏதாவது ஒரு அலாரம் ஆப் போதும். வாரம் ஒருமுறை அந்தப் பதிவை நர்ஸுக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: முதல் வாரம் ஒழுங்காக அடித்தது. இப்போது அலாரமே வருவதில்லை. ஆப் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் போன்தான் காரணம். ஆண்ட்ராய்டு போன்கள் சில நாள் திறக்காத ஆப்பைப் பேட்டரி மிச்சம் பிடிக்கத் தூங்க வைத்துவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் தேடி, பேட்டரி பகுதியில் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். நோட்டிஃபிகேஷன் அனுமதியையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் நாம் அனுமதித்தால்தான் வரும். தொந்தரவு செய்யாதே நிலை காலை வரை நீடிக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றியபின் ஐந்து நிமிடம் கழித்து அடிக்கும்படி ஓர் அலாரம் வைத்து, திரையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். திரை எரியும்போது சோதித்தால் பிழை தெரியாது.

கேள்வி: மருந்து குடிப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். கரைத்துக் கொடுக்கும் மாத்திரை. என்ன காட்ட வேண்டும்? இரண்டு தடவை நிராகரித்துவிட்டார்கள்.

பதில்: விழுங்கும் மாத்திரையை நாக்கில் வைத்துக் காட்டிவிடலாம். கரைத்தபின் அது வெறும் கலங்கிய தண்ணீர். அதில் எத்தனை மாத்திரை இருந்தது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பாதியில் தொடங்கும் வீடியோ நிராகரிக்கப்படுவது இதனால்தான். கரைக்கும் முன்பே பதிவைத் தொடங்கி, நடுவில் வெட்டாமல் எடுங்கள்.

போனை நிற்க வைத்து, டம்ளரும் குழந்தையின் வாயும் ஒரே சட்டத்தில் தெரியும்படி வையுங்கள். வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழட்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்து எண்ணிக் காட்டுங்கள். சுமார் 50 மி.லி. தண்ணீரில் போட்டுச் சுழற்றிக் கரையுங்கள். கரைத்த பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். குடித்ததும் டம்ளரைச் சாய்த்துப் பாருங்கள், அடியில் மாவு போல ஒட்டியிருக்கும். அதுவும் மருந்துதான். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுழற்றி அதையும் குடிக்க வைத்து, காலி டம்ளரையும் திறந்த வாயையும் காட்டி முடியுங்கள்.

வீடியோவின் தரத்தைக் குறைத்து வைத்தால் சீக்கிரம் போய்ச்சேரும். நெட் இல்லாத நேரத்தில் எடுத்ததைச் சேமித்துப் பின்னர் அனுப்பும் வசதி ஆப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆப்புக்குள்ளேயே எடுங்கள், போனின் சாதாரண கேமராவில் எடுக்காதீர்கள். அது கேலரியில் தங்கி, தானாகவே கிளவுடுக்கும் (இணையச் சேமிப்புக்கும்) போய்விடக்கூடும். குழந்தையின் நோய் பற்றிய வீடியோ அங்கே இருக்கக் கூடாது.

கேள்வி: குடித்தாயிற்று என்று பட்டனை அழுத்திய பத்தாவது நிமிடம் வாந்தி எடுத்துவிட்டாள். பதிவை மாற்றலாமா?

பதில்: கட்டாயம் மாற்றுங்கள், அல்லது குறிப்பு எழுதுங்கள். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் முழு அளவையும் மறுபடி கொடுப்பது வழக்கம். உங்கள் மையம் என்ன சொல்கிறது என்று முன்கூட்டியே கேட்டு ஆப்பின் குறிப்பில் எழுதி வையுங்கள். அடிக்கடி வாந்தி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில் நன்றாக உறிஞ்சப்படும் என்பது சரிதான். ஆனாலும் கொஞ்சம் சாப்பிட்டபின் கொடுத்து உள்ளே தங்குவது, வெறும் வயிற்றில் கொடுத்து வெளியே வருவதைவிட மேல்.

கேள்வி: பகலில் பாட்டி வீட்டில் இருப்பான். நானும் கொடுத்து, பாட்டியும் கொடுத்துவிட்டால்?

பதில்: இரண்டு போனில் இரண்டு ஆப் வைத்தால் இப்படித்தான் ஆகும். ஒரே கணக்கை இரண்டு போனிலும் திறக்க முடிகிற ஆப்பாக இருக்கட்டும்; கொடுத்தவர் டம்ளரைக் கழுவும் முன்பே பட்டனை அழுத்த வேண்டும். பாட்டியிடம் ஸ்மார்ட்போன் இல்லையென்றால், மருந்து கொடுப்பவர் ஒருவரே, நேரம் ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று தவறியதற்காக இன்று இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. தவறியதைப் பதிவில் உள்ளபடியே விடுங்கள்.

கேள்வி: ஆப்பில் 2 மாத்திரை என்றிருக்கிறது. நர்ஸ் 3 என்கிறார். எது சரி?

பதில்: நர்ஸ் சொல்வதுதான். குழந்தைகளின் டிபி மருந்து எடையை வைத்துத் தரப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி குழந்தைகளுக்கான கூட்டு மாத்திரை (பல மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை) 8 முதல் 11 கிலோ வரை 2, 12 முதல் 15 கிலோ வரை 3. மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் பசி திரும்பி எடை ஏறும். ஆப் மட்டும் முதல் நாள் எடையிலேயே நிற்கும். அது தானாக மாறாது. ஒவ்வொரு முறை எடை பார்த்தபோதும் ஆப்பிலுள்ள எண்ணிக்கையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு மாதம் முடிந்து மருந்து மாறும் நாளிலும் இதே கவனம் வேண்டும். பழைய மாத்திரையின் படம் திரையில் இருந்தால் வீட்டில் குழப்பம்தான்.

கேள்வி: தெரிந்த ஒரு பிள்ளைக்கு 4 மாதம்தான். எங்களுக்கு ஆப் 6 மாதம் காட்டுகிறதே?

பதில்: நோய் கடுமையில்லாத, சாதாரண மருந்துக்குக் கட்டுப்படும் டிபி என்றால், 3 மாதக் குழந்தை முதல் 16 வயது வரை 4 மாதம் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. எல்லாருக்கும் இது பொருந்தாது. குழந்தை தேறிவிட்டது என்று நீங்களாகக் குறைக்காதீர்கள்.

கேள்வி: பதினான்கு வயது மகள். நோட்டிஃபிகேஷனைத் தோழிகள் பார்த்துவிட்டார்களாம், ஆப்பையே அழித்துவிட்டாள்.

பதில்: அவள் அழித்ததில் நியாயம் இருக்கிறது. திரையில் டிபி என்ற சொல்லே வரக் கூடாது. நோட்டிஃபிகேஷன் வாசகத்தை அவளே எழுதட்டும். பூட்டிய திரையில் உள்ளடக்கம் மறையட்டும். நேரம் பள்ளிக்கு முன்பாக இருக்கட்டும். பதிவை யார் யார் பார்க்கலாம் என்பதையும் அவளிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். இந்த வயதில்தான் மருந்து அதிகம் தவறும். வேவு பார்க்கிறார்கள் என்று தோன்றினால் பட்டனை மட்டும் அழுத்திவிட்டு மாத்திரையை வீசிவிடுவார்கள்.

கேள்வி: சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. பக்கவிளைவுப் பகுதியில் பதிவு செய்யட்டுமா?

பதில்: அது ரிஃபாம்பிசினின் நிறம், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளாவது, விடாத வாந்தி, வயிற்று வலி, கட்டன் தேநீர் போன்ற அடர்ந்த சிறுநீர், இவை வேறு. கல்லீரல் பாதிக்கப்பட்டதன் அடையாளமாக இருக்கலாம். எத்தாம்பியூட்டால் என்ற டிபி மருந்தைச் சாப்பிடும் குழந்தைக்குப் பார்வை மங்கினாலும் அதேபோல அலட்சியம் கூடாது. இவற்றை ஆப்பில் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், அடுத்த வேளையைக் கொடுக்காமல் மருத்துவருக்கு உடனே போன் செய்யுங்கள். அந்த எண் ஆப்புக்குள் மட்டும் இருந்தால் போதாது, மருந்துப் பெட்டியின் மூடியிலும் ஒட்டி வையுங்கள்.